ஒற்றை விசைக் குழல்: பார்தோல்ட் கோய்க்கனும் அறுந்த மரபும்

1

1860இல் பாரிஸ் இசைக் கல்லூரியின் புல்லாங்குழல் பேராசிரியர் பதவி ழான்-லூயி தூலூவிடமிருந்து லூயி தோரூவுக்கு வந்தது. அதோடு, ம்யூனிக் நகரத்துத் தியோபால்ட் போஹ்ம் வடிவமைத்த புதிய குழல் அக்கல்லூரியின் அங்கீகாரம் பெற்ற வாத்தியமாயிற்று. இருபது வருஷங்களுக்கு முன்பு இதே குழல் அங்கே நுழைய முயன்றபோது தூலூ எதிர்த்து நின்று தடுத்துவிட்டிருந்தார். புதிய யந்திர அமைப்பில் புல்லாங்குழல் தன் இயல்பான குரலை இழந்துவிடும் என்பது அவர் கட்சி. தன் பதவியையும் தான் செய்து விற்றுவந்த குழல்களையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த பழமைவாதி என்று சரித்திரம் அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டது. தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர் சொன்ன விஷயம், சொன்னவரின் சுயநலத்தால் மட்டும் பொய்யாகிவிடாது.

தூலூ காப்பாற்ற முயன்ற குழலும் பழைய குழல் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே ஒவ்வொரு விசையாக ஏறி, நான்கு, ஆறு, எட்டு என்று பெருகியிருந்தது. பாக், டெலிமான், க்வான்ட்ஸ் காலத்தின் ஒற்றை விசைக் குழல் அதற்கு முன்பே கைவிடப்பட்டாயிற்று. 1860 அந்த மறதிக்கு வைத்த அதிகார முத்திரை. அதன்பின் அந்தக் குழலின் விரல் பிடிப்பை, மூச்சை, நாக்கின் அசைவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தரக்கூடியவர் யாரும் இல்லை. குழல்கள் மிஞ்சின, மியூசியங்களில். புத்தகங்கள் மிஞ்சின, நூலகங்களில். இசைக்குறிப்புகள் மிஞ்சின. அவை வேறு வாத்தியத்தில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

நூறு வருஷங்களுக்குப் பிறகு பெல்ஜியத்தில் ஒருவர், கற்றுத்தர ஆளில்லாத அந்தக் குழலைக் கையிலெடுத்தார். பார்தோல்ட் கோய்க்கனின் வாழ்க்கையை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் அக்கறை இல்லை. கைமாறி வந்த மரபு அறுந்தபின் ஒரு கலையைத் திரும்பக் கற்றுக்கொள்ள முடியுமா? கற்றுக்கொண்டால் அது அந்தப் பழைய கலைதானா, அல்லது நம் காலம் தன் தேவைக்குச் செய்துகொண்டதா? இந்தக் கேள்விகளை அவர் வாழ்க்கையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

முதலில் குழலைப் பற்றி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சு அரசவையோடு தொடர்புடைய ஓத்தெத்தேர் குடும்பத்தாரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் வாத்தியம் இது. தலைப்பகுதியின் உட்குடைவு நேராகவும், உடற்பகுதியின் குடைவு கீழ்நோக்கிப் போகப்போகக் குறுகியும் இருக்கும். பாக்ஸ்வுட் மரம், கருங்காலி, சிலசமயம் தந்தம். விரல்களால் நேராக மூடும் ஆறு துளைகள். வலது சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு விசை. ழாக்-மார்த்தேன் ஓத்தெத்தேர் 1707இல் பாரிஸில் வெளியிட்ட சிறு நூல் இக்குழலுக்கான முதல் பாடப்புத்தகம்.

துளைகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால் டி மேஜர் ஸ்கேல் கிடைக்கும். இந்த ஸ்வரங்கள் திறந்தவை, கணீரென்று ஒலிப்பவை. இடையிலுள்ள ஸ்வரங்களுக்குத் தனித் துளையோ விசையோ கிடையாது. ஒரு துளையைத் திறந்து, அதற்குக் கீழுள்ள ஒன்றிரண்டை மூடி, அந்த ஸ்வரத்தை ஒருவாறு வரவழைக்க வேண்டும். அப்படி வரும் எஃப், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட் போன்ற ஸ்வரங்கள் மெலிந்து, திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கும். எனவே இந்தக் குழலில் எந்த இரண்டு ஸ்வரங்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. டி மேஜரில் ஒரு மெட்டு வெயிலில் நிற்கிறது என்றால், அதையே அரை ஸ்வரம் தள்ளி வாசித்தால் நிழலுக்குள் போய்விடும்.

19ஆம் நூற்றாண்டின் காது இதைக் குறை என்று கேட்டது. பெரிய அரங்குகள், பெரிய வாத்தியக் குழுக்கள், எல்லா ஸ்கேல்களிலும் தடையில்லாமல் புகுந்து புறப்படும் இசை என்று ஆகிவிட்ட காலத்தில் அப்படிக் கேட்டதில் தவறும் இல்லை. 1831இல் லண்டனில் சார்ல்ஸ் நிகல்ஸனின் பெருந்துளைக் குழல் எழுப்பிய நாதத்தைக் கேட்டு அதிர்ந்துபோன போஹ்ம், 1832இல் ஒரு வடிவத்தையும், 1847இல் நேர்க்குடைவுள்ள இன்னொரு வடிவத்தையும் உருவாக்கினார். ஒலியியல் எந்த இடத்தில் துளை வேண்டும் என்கிறதோ அங்கே துளை. விரல் எட்டாத இடத்துக்கு யந்திரம். பன்னிரண்டு ஸ்வரங்களும் சமம். இன்றைய புல்லாங்குழல் அடிப்படையில் அந்த 1847ஆம் வருஷக் குழல்தான்.

ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இசை, அந்தச் சமமின்மையைத் தெரிந்து எழுதப்பட்டது. யோஹான் யோவாகிம் க்வான்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1719இல் ட்ரெஸ்டனில் பூஃபார்தேன் என்ற பிரெஞ்சுக் கலைஞரிடம் சுமார் நான்கு மாதம் பயின்று, 1741 முதல் ப்ரஷ்ய மன்னன் இரண்டாம் ஃப்ரெடரிக்கின் ஊழியத்தில் இருந்து, 1752இல் புல்லாங்குழல் வாசிப்பு பற்றிய பெருநூலை வெளியிட்டவர். அவர் தன் குழலில் இன்னொரு விசை சேர்த்தார். பின்னால் வந்தவர்களைப்போல எல்லா ஸ்வரங்களையும் சமப்படுத்துவதற்காக அல்ல. டி ஷார்ப்பும் இ ஃப்ளாட்டும் ஒன்றல்ல, அவற்றிடையே நூலிழை வித்தியாசம் உண்டு, அது கேட்க வேண்டும் என்பதற்காக. நாம் ஒன்றாக்கிவிட்ட இரண்டை அவர் காது இரண்டாகவே கேட்டது.

1747 மே மாதம் பாக் போட்ஸ்டாமுக்கு வந்தபோது, புல்லாங்குழல் வாசிப்பவனான அந்த மன்னன் அவருக்கு ஒரு ஸி மைனர் மெட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னான். ஊர் திரும்பிய பாக் அதை விரித்து 'இசைக் காணிக்கை' என்று அச்சிட்டு அனுப்பினார். அதில் குழலும் வயலினும் சேர்ந்து வாசிக்கும் ஒரு ஸொனாட்டா இருக்கிறது. அதுவும் ஸி மைனர். ஒற்றை விசைக் குழலில் ஸி மைனர் என்றால் வழி நெடுக அந்த மங்கிய ஸ்வரங்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். மன்னனுக்குப் பிடித்தமான சரளமும் மினுக்கும் அதில் வராது. போஹ்மின் குழலில் அந்த ஸொனாட்டாவை வாசிக்கும்போது ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கஷ்டம் மட்டும் காணாமல் போய்விடுகிறது. கஷ்டம் அந்த இசையின் பொருளில் ஒரு பகுதி என்றால், காணாமல் போனது சின்ன விஷயம் அல்ல. தூலூ தன் காலத்தில் தன் குழலுக்காகச் சொன்னதன் நியாயம் எனக்கு இங்கேதான் புரிகிறது.

3

பழைய வாத்தியங்களை மீட்கும் முயற்சி கோய்க்கனோடு தொடங்கவில்லை. ஆர்னால்ட் டால்மெட்ச் 1915இல் 17, 18ஆம் நூற்றாண்டு இசையின் வாசிப்பு முறை பற்றி நூல் எழுதி, 1919இல் ரிக்கார்டர் என்னும் நெடுங்குழலை மறுபடி செய்து, 1925இல் ஹேஸில்மியரில் விழா தொடங்கிவிட்டார். 1953இல் வியன்னாவில் ஹார்னன்கோர்ட்டின் குழு. நெதர்லாந்தில் ஹார்ப்ஸிகார்டு வாசித்த குஸ்டாவ் லியோன்ஹார்ட், ரிக்கார்டர் வாசித்த ஃப்ரான்ஸ் ப்ரூகன். 1960களில் இது ஒரு சின்ன வட்டத்தின் பிடிவாதம். ஸ்தாபனங்களின் சங்கீதத்தை ஏற்காத இளைஞர்கள் அதில் ஈர்க்கப்பட்டார்கள்.

பிரஸ்ஸல்ஸ் அருகே தில்பேக் என்ற ஊரில் 1949இல் பிறந்த பார்தோல்ட், மூன்று சகோதரர்களில் இளையவர். 1938இல் பிறந்த வீலாண்ட் வயலா ட காம்பா என்ற பழைய தந்தி வாத்தியத்தையும், 1944இல் பிறந்த ஸிகிஸ்வால்ட் பழைய முறை வயலினையும் எடுத்துக்கொண்டவர்கள். இருவரும் பிரஸ்ஸல்ஸின் அலாரியுஸ் குழுவில் வாசித்தவர்கள். 1972இல் ஸிகிஸ்வால்ட், லியோன்ஹார்ட்டின் தூண்டுதலில், லூலியின் இசையை ஒலிப்பதிவு செய்வதற்காக லா பெத்தீத் பாந்த் என்ற குழுவை அமைத்தார். வீட்டுக்குள்ளேயே பழைய இசை இருந்தது என்று இதைப் படித்தால் தோன்றும். இருந்தது. ஆனால் குழல் இல்லை. பார்தோல்ட் ப்ரூஜ், பிரஸ்ஸல்ஸ், ஹேக் நகர இசைக் கல்லூரிகளில் கற்றது போஹ்ம் குழல். பழைய இசைக்கு அவர் முதலில் திரும்பியது ரிக்கார்டர் வழியாக. ஹேக்கில் ஃப்ரான்ஸ் வெஸ்டரும் ப்ரூகனும் அவருடைய ஆசிரியர்கள்.

பின்பு அதிர்ஷ்டவசமாக ஒரு குழல் அகப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு பிரஸ்ஸல்ஸில் வாத்தியங்கள் செய்த ராட்டன்பர்க் குடும்பத்தில் ஜி. ஏ. ராட்டன்பர்க் முத்திரையுள்ள அசல் குழல். அதுவே தன் சிறந்த ஆசிரியர் ஆயிற்று என்பது அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் வரும் செய்தி. கேட்கக் கொஞ்சம் கவிதைத்தனமாக இருந்தாலும், நடைமுறையில் இதற்கு மிகச் சாதாரணமான அர்த்தம் உண்டு. போஹ்ம் குழலில் பழகியவர் அந்தப் பலத்தோடு இதில் ஊதினால் ஸ்வரம் உடைகிறது, சுருதி ஏறுகிறது. குறைவான காற்று, குவிந்த காற்று வேண்டும். ஒவ்வொரு மங்கிய ஸ்வரத்துக்கும் உதடு கொஞ்சம் திரும்ப வேண்டும். குழல் சம்மதிப்பதும் மறுப்பதுமாகவே பாடம் நடக்கிறது. மறுப்பை மரத்தின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அதை வெல்லப் பார்த்தால் மீண்டும் போஹ்மிடம்தான் போய்ச்சேர்வோம்.

மரம் சொல்லாததைப் புத்தகம் சொன்னது. க்வான்ட்ஸும் ஓத்தெத்தேரும் நாக்குக்குச் சொற்கட்டுகள் கொடுக்கிறார்கள். 'து', 'ரு' என்று ஓத்தெத்தேர். 'தி', 'திரி', வேகத்துக்கு 'தித்ல்' என்று க்வான்ட்ஸ். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு அசை, அசைகளில் குறிலும் நெடிலும் உண்டு. ஒரே அளவாக எழுதப்பட்ட ஸ்வரங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் நீட்டியும் குறுக்கியும் வாசித்ததற்கு இந்த நாக்கு வழக்கம் இயல்பாகப் பொருந்துகிறது. இன்றைய குழலில் இடைவிடாமல் ஓடும் மூச்சின் அதிர்வுக்குப் பதிலாக, துளையின் விளிம்பில் விரலை அசைத்துச் செய்யும் ஓர் அலங்காரம், தேர்ந்தெடுத்த ஸ்வரங்களுக்கு மட்டும். இவை தனித்தனித் தந்திரங்களாகத் தெரியலாம். சேர்த்துப் பார்த்தால், இசை என்பது பாட்டைவிடப் பேச்சுக்கு நெருக்கமானது என்ற ஒரு கொள்கை இவற்றின் பின்னால் இருக்கிறது. கோய்க்கன் லியோன்ஹார்ட்டோடும் தன் சகோதரர்களோடும் 1974இல் பதிவு செய்த 'இசைக் காணிக்கை'யில் இந்தப் பேச்சு கேட்கிறது. மங்கிய ஸ்வரங்களை அவர் சரிசெய்ய முற்படவில்லை. குரல் தாழ்த்திச் சொல்லப்பட்ட வார்த்தைகளாக அவற்றை விட்டுவிடுகிறார்.

4

கோய்க்கனின் சிந்தனையில் முக்கியமானதாக எனக்குப் படுவது, எழுதப்பட்டதன் மீது அவருக்குள்ள சந்தேகம். ஏட்டை நம்பித்தான் இந்த இயக்கமே தோன்றியது. அசல் கையெழுத்துப் பிரதி, அசல் அச்சு, அசல் பாடப்புத்தகம். கோய்க்கனும் அந்த உழைப்பைச் செய்தவர். பாக்கின் குழல் இசையைப் ப்ரைட்கோப்ஃப் பதிப்பகத்துக்காகப் பதிப்பித்திருக்கிறார். ஆனால் 2007இல் பிரஸ்ஸல்ஸில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்விலிருந்து 2013இல் இண்டியானா பல்கலைக்கழக வெளியீடாக வந்த அவருடைய நூலின் தலைப்பே, இசைக்குறிப்பு இசை ஆகாது என்பதுதான்.

ஏன் இப்படிச் சொல்ல நேர்ந்தது? இரண்டு உதாரணங்கள் போதும். டெலிமானின் தனிக்குழலுக்கான பன்னிரண்டு ஃபன்டாஸியாக்கள். அவற்றின் பழைய அச்சுப் பிரதி ஒன்றே ஒன்றுதான் தப்பியிருக்கிறது, பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரி நூலகத்தில். அதன் முகப்பில் 'வயலினுக்கு' என்று இருக்கிறது. அச்சை நம்பினால் இவை வயலின் இசை. குழலை நம்பினால், ஸ்வர எல்லையும் எழுத்தின் போக்கும் குழலுக்கே உரியவை என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, பாக்கின் ஏ மைனர் பார்ட்டீட்டா. அதன் முதல் பகுதியில் பதினாறாம் பங்கு ஸ்வரங்கள் முடிவுவரை தொடர்ந்து ஓடுகின்றன. மூச்சு விட இடம் எழுதப்படவில்லை. எழுத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்றால் வாசிப்பவர் செத்துப்போக வேண்டியதுதான். மூச்சு எங்கே என்று தீர்மானிப்பது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பது. அந்தத் தீர்மானத்தைக் குறிப்பு செய்து தராது. பாடப்புத்தகங்களும் தரமாட்டா. க்வான்ட்ஸின் புத்தகத்தில் பெரும்பகுதி குழலைப் பற்றியதே அல்ல. ரசனை, பக்கவாத்தியம், இசையை மதிப்பிடும் விதம் பற்றியது. தன் காலத்து வாசகனுக்குத் தெரிந்ததை அவர் எழுதவில்லை. நமக்கு வேண்டியதோ அந்த எழுதாததுதான்.

இங்கேதான் இந்த இயக்கத்தின் மீதான கடுமையான விமர்சனத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 1951லேயே அடோர்னோ, பாக்கை அவருடைய பக்தர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய வாத்தியங்களில் பாக்கைச் சிறைவைப்பது, அந்த இசை தன் காலத்தைத் தாண்டிச் செல்வதை மறுப்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1980களில் ரிச்சர்ட் டாரஸ்கின் வேறொரு பக்கத்திலிருந்து அடித்தார். பழமை என்று இவர்கள் தருவது பழமையே அல்ல. வேகம், மெலிவு, உணர்ச்சிப் பெருக்கை ஒதுக்கும் வறட்சி எல்லாம் ஸ்ட்ராவின்ஸ்கிக்குப் பிந்திய நவீனத்துவ ரசனை. 18ஆம் நூற்றாண்டு உடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்தக் கட்டுரைகள் 1995இல் நூலாகத் தொகுக்கப்பட்டன.

டாரஸ்கின் சொன்னது பெரும்பாலும் சரி. ஒரு எண்ணை எடுத்துக்கொண்டாலே தெரியும். பழைய இசைக் கச்சேரிகளில் ஏ ஸ்வரத்தை 415 அதிர்வுக்கு வைப்பது வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர், ஏன் கோவிலுக்கு அரண்மனை சுருதி வேறுபட்டது. 415 பரவியதற்கு முக்கிய காரணம், அது இன்றைய 440க்குச் சரியாக அரை ஸ்வரம் கீழே இருப்பது. ஹார்ப்ஸிகார்டின் விரற்பலகையை ஒரு படி நகர்த்தினால் போதும். அசல் என்று நாம் கேட்பதில் இப்படி நம் சௌகரியங்களும் கலந்திருக்கின்றன.

ஆனாலும் இதை ஒப்புக்கொண்டால் கோய்க்கனின் காரியம் பொய்யாகிவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. பழமையை அப்படியே மீட்டுவிட்டோம் என்று சொல்பவருக்குத்தான் டாரஸ்கின் மரண அடி. எழுதப்பட்டது இசை அல்ல என்று சொல்பவர், மீட்பு முழுமையாக முடியாது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறார். அவர் சாதித்தது வேறு. குறை என்று நம் காது தள்ளிய ஒன்றை, அது ஒரு அர்த்தமாக இருந்திருக்கலாம் என்ற சாத்தியத்தோடு கேட்கப் பழக்கியிருக்கிறார். இது நவீனப் பிரக்ஞையின் செயல் என்றால் இருக்கட்டும். அறுந்த மரபை அறுந்தது என்று தெரிந்துகொண்டே கையிலெடுப்பது நவீனர்களுக்கு மட்டுமே நேரும் நிலை. மரபுக்குள்ளேயே வாழ்ந்த க்வான்ட்ஸுக்கு அதற்கு அவசியம் இருக்கவில்லை.

5

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. கோய்க்கன் பிரஸ்ஸல்ஸிலும் ஹேக்கிலும் பல்லாண்டு பேராசிரியராக இருந்தார். ஆசிரியர் இல்லாமல் கற்றவரிடம் பல நாட்டு மாணவர்கள் வந்து கற்றார்கள். அறுந்த இடத்தில் ஒரு புதிய பரம்பரை தொடங்கிவிட்டது. அவருக்குத் தற்செயலாகக் கிடைத்த ராட்டன்பர்க் குழல், இன்று குழல் செய்பவர்கள் மிகப் பரவலாக நகலெடுக்கும் மாதிரிகளில் ஒன்று. ஒருவருடைய அதிர்ஷ்டம் ஒரு தலைமுறையின் வாத்தியமாகிவிட்டது. இன்று இந்தக் குழலைத் தொடங்கும் மாணவனுக்கு, மரம் மறுக்கும்போது என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. மறுப்பிலிருந்து தானே கண்டுபிடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு இல்லை. மங்கிய ஸ்வரங்கள் கொஞ்சம் பலப்பட்டு, சுருதி கொஞ்சம் ஒழுங்காகி, எல்லாரும் எல்லா இடத்திலும் 415இல் அழகாக வாசிக்கும் ஒரு நிலை வருமானால், அது இன்னொரு 1860 ஆகும்; இம்முறை போஹ்மின் பெயரில்லாமல்.

ஃப்ரெடரிக்கின் அரண்மனையிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. க்வான்ட்ஸ் தன் மன்னனுக்காகச் சுமார் முந்நூறு கன்ஸர்ட்டோக்கள் எழுதினார். மன்னன் மாலைதோறும் அவற்றை வரிசையாக வாசித்துவந்தான். 1772இல் அங்கே போன சார்ல்ஸ் பர்னி, மன்னனின் வாசிப்பை மெச்சினாலும், அந்த ஊர் இசை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டதைக் கண்டு எழுதினார். அங்கே மரபு அறவில்லை. ஆசிரியரும் மாணவனும் வாத்தியமும் புத்தகமும் ஒரே கூரையின் கீழ் பத்திரமாக இருந்தன. இருந்தும் அது உயிரோடு இருந்ததாகச் சொல்ல முடியாது.

கோய்க்கன் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால ஒலிப்பதிவு ஒன்று சான்று. தன் குடும்பத்தாரோடு சேர்ந்து டெபுஸ்ஸியின் சிறுகுழு இசையைப் பதிவு செய்தபோது, 1913இல் எழுதப்பட்ட 'ஸிரின்க்ஸ்' உள்ளிட்ட குழல் படைப்புகளை டெபுஸ்ஸி காலத்துக் குழலிலேயே வாசித்தார். அதுவும் போஹ்ம் வழிக் குழல்தான். தூலூவைத் தோற்கடித்த வம்சம். ஒற்றை விசைக் குழலிடம் கேட்ட கேள்வியையே அதனிடமும் கேட்டார்: உனக்கு எது இயல்பாக வருகிறது, எதை மறுக்கிறாய், உனக்கென்று எழுதியவன் அதை எப்படி உபயோகித்தான்? பரோக் குழல் அவருக்கு ஒரு கட்சியாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்.

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. கைமாறி வராத கலையைக் கற்றுக்கொள்ள முடியும், ஆனால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அது பழைய கலை அல்ல. பழைய கலை நம்மிடம் வைக்கும் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு நாம் செய்வது. அந்த நிபந்தனைகளில் முக்கியமானது, பயன்படாதது என்று நமக்குத் தோன்றுவதை அவசரப்பட்டுத் திருத்திவிடாமல் இருப்பது. மியூசியங்களில் இன்னும் எத்தனையோ குழல்கள் ஊதப்படாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் குடைவும் வேறு, சுருதியும் வேறு, மறுப்பும் வேறு. கோய்க்கனின் மாணவர்கள் அவர் வாசித்ததைத் திருப்பி வாசிப்பார்களா, அல்லது அவற்றில் ஒன்றைக் கையிலெடுத்து அவர் தொடங்கிய இடத்தில் தாங்களும் தொடங்குவார்களா என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய காரியத்தின் ஆயுள் இருக்கிறது.